ஒரு நாள் மாற்றுப்பணி: பையில் என்ன எடுத்துப் போவது?

புதுத்தளிர் (ஞாயிறு, மாலை 5.40)

எல்லோருக்கும் வணக்கம். இடைநிலை ஆசிரியராக நான் பணியில் சேர்ந்து இது முதல் ஆண்டு. என் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார்கள், எனக்கு இரண்டாம் வகுப்பு. வரும் புதன்கிழமை பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஒரு நாள் மாற்றுப்பணி போகச் சொல்லி பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. அது ஈராசிரியர் பள்ளி. எச்.எம். (தலைமை ஆசிரியர்) பயிற்சிக்குப் போகிறார், உதவி ஆசிரியை மருத்துவ விடுப்பில் இருக்கிறார். ஆக, ஒன்று முதல் ஐந்து வரை 34 பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான்.

என் வகுப்பில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மின்னட்டைகள் (ஃபிளாஷ் கார்டு), மணிச்சட்டம், சார்ட், பிள்ளைகளே செய்த முகமூடிகள். அங்கே என்ன இருக்கும், எது பூட்டிக் கிடக்கும் என்று தெரியாது. பஸ்ஸில் போய் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதனால் ஒரு தோள்பையில் அடங்குவதை மட்டும்தான் கொண்டு போக முடியும். அனுபவமுள்ளவர்கள் என்ன எடுத்துப் போவீர்கள்? கடையில் ஒர்க்‌ஷீட் புத்தகம் ஒன்று பார்த்தேன். அதிலிருந்து வகுப்புக்கு மூன்று தாள் வீதம் ஜெராக்ஸ் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கரும்பலகை (ஞாயிறு, மாலை 6.25)

டீச்சர், ஜெராக்ஸ் வேண்டாம். 34 பிள்ளைகளுக்கு மூன்று வீதம் என்றால் நூறு தாளுக்கு மேல். காசை விடுங்கள், அந்தத் தாள் வகுப்பில் என்ன செய்யும் என்று பாருங்கள். ஓடுகிற பிள்ளை பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு "டீச்சர், அப்புறம்?" என்று வந்து நிற்பான். திணறுகிற பிள்ளை முதல் வரியிலேயே நிற்பான். ஐந்து வகுப்புக்கும் நடுவில் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. சாயங்காலம் நூறு தாளையும் திருத்தாமல் விட்டு வந்தால் பிள்ளைகள் செய்ததை யாரும் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

முதலில் செய்ய வேண்டியது பை கட்டுவது இல்லை, போன் பேசுவது. இன்றோ நாளையோ அந்த எச்.எம்.மிடம் பேசிவிடுங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கும், கழிப்பறைச் சாவி எங்கே, தண்ணீர் எப்படி. சத்துணவு அமைப்பாளரின் போன் எண் வேண்டும், ஏனென்றால் காலையில் எத்தனை பிள்ளைகள் என்று அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். வருகைப் பதிவைச் செயலியில் யார் போடுவது என்பதையும் அவரிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், உங்கள் லாகின் உங்கள் பள்ளிக்கானது. வலிப்பு, ஆஸ்துமா என்று யாருக்காவது உண்டா? தனியாக அனுப்பக் கூடாத பிள்ளை யார், யார் வந்து கூட்டிப் போவார்கள்? சிறப்புத் தேவையுள்ள குழந்தை இருந்தால் அவனை எது அமைதிப்படுத்தும், எது கலங்க வைக்கும்? இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அதை மடித்துப் பையின் முன் அறையில் வையுங்கள். நான் போகிற ஒவ்வொரு மாற்றுப்பணிக்கும் அந்தத் தாள்தான் முதலில் பைக்குள் போகும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "உங்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளை அரவணைத்துப் போகிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் யார்?" ஈராசிரியர் பள்ளி நடக்கிறது என்றால் அப்படி இரண்டு மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். அந்தப் பெயர்கள் தெரிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஆற்றங்கரை (ஞாயிறு, இரவு 7.10)

கரும்பலகை சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆணையின் நகல் ஒன்றைத் தாளாகவே எடுத்துப் போங்கள், வாட்ஸ்அப்பில் வந்தது மட்டும் போதாது. அங்கே வந்து பணி செய்ததற்கு எழுத்தில் ஒன்று வாங்கி உங்கள் எச்.எம்.மிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே கையெழுத்துப் போட எச்.எம். இருக்க மாட்டார் என்பதால் யார் தருவார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

கூட்டல்கழித்தல் (ஞாயிறு, இரவு 8.30)

என் பையில் எப்போதும் இருப்பது எண் அட்டை. 0 முதல் 9 வரை, நான்கு தொகுப்பு, மொத்தம் 40 அட்டை. சீட்டுக்கட்டு அளவு போதும், ரப்பர் பேண்ட் போட்டால் உள்ளங்கையில் அடங்கும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஐந்து வகுப்புக்கும் ஒரே பொருள், ஐந்து விதமான வேலை.

ஒன்றாம் வகுப்பு: ஆளுக்கு ஓர் அட்டை எடுக்க வேண்டும், அத்தனை புளியங்கொட்டை எண்ணி வைக்க வேண்டும், யாருடையது பெரியது என்று சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பு: இரண்டு அட்டை எடுத்து, அதில் செய்ய முடிந்த பெரிய எண், சிறிய எண் இரண்டையும் சிலேட்டில் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்பிலிருந்துதான் விஷயம் சூடு பிடிக்கிறது. மூன்று அட்டை எடுக்கட்டும், மூன்றும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. 8, 3, 1 வந்தது என்று வையுங்கள். பெரிய எண் 831, சிறிய எண் 138. கழித்தால் 693. அந்த மூன்று இலக்கத்தையும் மறுபடி அடுக்கு: 963இல் 369 போனால் 594. மறுபடி: 954இல் 459 போனால் 495. இனி எத்தனை முறை செய்தாலும் 495தான். பக்கத்துப் பிள்ளை வேறு மூன்று அட்டை எடுத்திருப்பான், அவனும் 495இல்தான் வந்து நிற்பான்.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு அதே விதியோடு நான்கு அட்டை. அங்கே போய்ச் சேருகிற எண் 6174. அதிகபட்சம் ஏழே கழித்தலில் வந்துவிடும். 5, 3, 2, 1 எடுத்துப் பாருங்கள்: 4086, 8172, 7443, 3996, 6264, 4176, 6174. முழுதாக ஏழு. இதைக் கண்டுபிடித்த கப்ரேகர் மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, நம்மைப் போல் சாக்பீஸ் பிடித்தவர். அதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கடன் வாங்கிக் கழிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், திருத்த நீங்கள் அவ்வளவாகத் தேவையில்லை. ஏழு கழித்தலுக்குள் 6174 வரவில்லை என்றால் நடுவில் எங்கோ ஒரு கழித்தல் தப்பு. எங்கே என்று பிள்ளையே திரும்பிப் போய்த் தேடுவான். ஆள் இல்லாத இடத்தில் திருத்துகிற வேலையில் ஒரு பங்கைக் கணக்கே செய்துகொள்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்காரலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: விடை 99, 999 என்று வந்தால் முன்னால் ஒரு 0 சேர்த்து 099, 0999 என்று எழுதித்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சப்ஸ்டிட்யூஷன்_பீரியட் (ஞாயிறு, இரவு 9.05)

கோவையில் மெட்ரிக் பள்ளியில் இருக்கிறேன். எங்களுக்குக் காலையில் லிஸ்ட் வரும், 40 நிமிடப் பீரியட், வேறு டீச்சரின் வகுப்பு. ஒரு நாள் முழுக்க ஐந்து வகுப்பு என்பது முற்றிலும் வேறு உழைப்பு, இருந்தாலும் என் பவுச்சில் இருப்பதைச் சொல்கிறேன்: சாக்பீஸ், டஸ்டருக்குப் பழைய துணி, பைண்டர் கிளிப், நாலைந்து பென்சில், ஷார்ப்பனர், ஒரு மார்க்கர். எந்த வகுப்பிலும் பென்சில் இல்லாத பிள்ளை ஒன்று இருக்கும். பென்சிலைக் கேட்காமல் கையில் கொடுத்துவிடுங்கள். ஏன் கொண்டுவரவில்லை என்ற விசாரணையை அவர்களுடைய டீச்சருக்கு விட்டுவிடலாம்.

மானாவாரி (ஞாயிறு, இரவு 9.40)

எண் அட்டை அருமை. ஆனால் இழை போகிற போக்கில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மாற்றுப்பணி போகிறவர்கள் அந்த நாளைத் தங்கள் விளையாட்டு நாளாக ஆக்கிவிடக் கூடாது. அந்தப் பள்ளியில் ஒரு பாடம் பாதியில் இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளுக்கு, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிப்படுத்துகிற அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தது, அடுத்த ஆண்டே நான்கு, ஐந்துக்கும் வந்துவிட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து அந்தந்த நிலைக்கு வேலை போய்க்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டால், திரும்பி வருகிற டீச்சருக்கு அது இரண்டு நாள் நஷ்டம். என்னைப் பொறுத்தவரை பையில் இருக்க வேண்டியது ஆசிரியர் கையேடும் பயிற்சி நூலும். எந்தப் பக்கம் என்று கேட்டு, அதை நடத்திவிட்டு வர வேண்டும்.

கரும்பலகை (ஞாயிறு, இரவு 10.00)

மானாவாரி சார், மதிக்கிறேன். ஆனால் ஐந்து வகுப்பின் கையேட்டையும் ஒருவர் ஒரு நாளில் நடத்துவது எப்படி? அந்தப் பள்ளியின் இரண்டு ஆசிரியர்களும் இரண்டு வகுப்பறையில் ஆண்டு முழுக்கப் பழகிச் செய்வது அது. பிள்ளைகளில் யார் அரும்பு, யார் மலர் என்பதே எனக்கு மதியம் வரை பிடிபடாது. தெரியாமல் ஒரு புதுப் பாடத்தைத் தொடங்கி அரைகுறையாக விட்டால்தான் அவர்களுக்கு நஷ்டம்.

மானாவாரி (ஞாயிறு, இரவு 10.20)

புதுப் பாடம் தொடங்கச் சொல்லவில்லை. நடந்த பாடத்தை உறுதிப்படுத்தச் சொல்கிறேன். மொட்டு நிலைப் பிள்ளை நேற்று வாசித்த பத்தியை இன்று இன்னொரு முறை எனக்கு வாசித்துக் காட்டினால் அது அவனுக்கு லாபம். மாற்றுப்பணி ஆசிரியர் ஒரு புதுக் காது. சொந்த டீச்சரிடம் வாசிக்கக் கூச்சப்படுகிற பிள்ளை புதியவரிடம் வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜவ்வாது_டீச்சர் (திங்கள், காலை 6.15)

இருவர் சொல்வதையும் சேர்த்தால் என் நாள் வந்துவிடும். காலைப் பொழுதில் அவர்கள் புத்தகம், மதியத்துக்கு மேல் என் பை.

மலைப்பள்ளியில் இருந்துகொண்டு சுற்றுவட்டப் பள்ளிகளுக்குப் போய் வருகிறேன். எங்கள் பக்கம் சிக்னலை நம்பிப் போக முடியாது, அதனால் போனில் எதையாவது போட்டுக் காட்டலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். பையில் இருப்பது இவை. முந்தின நாள் செய்தித்தாள் ஒன்று. இதை இரண்டு இரண்டு பக்கமாகப் பிரித்துக் கொடுத்தால் ஒன்றாம் வகுப்பு க, ட, ப என்று தெரிந்த எழுத்தை வட்டமிடும், மூன்றாம் வகுப்பு தெரிந்த ஊர்ப் பெயர்களைத் தேடி எழுதும், ஐந்தாம் வகுப்பு ஒரு செய்தியை வாசித்து அதற்கு வேறு தலைப்பு வைக்கும். கொடுப்பதற்கு முன் நீங்கள் முழுதாகப் பார்த்துவிட வேண்டும். கொலை, விபத்துப் படம் இருக்கிற பக்கத்தை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து காலண்டர் தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். காலையில் போனதும் ஆளுக்கு ஒன்று கொடுத்து, பெரிதாகப் பெயர் எழுதி மடித்துத் தன் முன்னால் நிறுத்தச் சொல்வேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு எழுதிக் கொடுக்கும். "ஏய் நீலச் சட்டை" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற நிலைமை அதோடு போச்சு. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அரை நாள் சத்தம் அடங்கும். மாதக் காலண்டரின் பெரிய தாள் என்றால் நாலு பேர் சேர்ந்து ஊர் வரைபடம் போடலாம்: பள்ளி, கிணறு, ரேஷன் கடை, யார் வீடு எங்கே. ஊருக்குப் புதியவரான நமக்கு அவர்கள் வழி சொல்லித் தர வேண்டும் என்று சொன்னால் எவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்கள் தெரியுமா? நமக்குத் தெரியாததை அவர்கள் சொல்லித் தருகிற வேலை இது ஒன்றுதான், அதனாலேயே இதை விடவே மாட்டேன்.

கதைப் புத்தகம் இரண்டு. பள்ளியிலேயே அரசின் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் இருக்கும், நுழை, நட, ஓடு, பற என்று நிலை போட்டு. அவை பீரோவுக்குள் மாட்டிக்கொண்டால்? அதற்குத்தான் சொந்தமாக இரண்டு. படம் பெரிதாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கடைசி அரைமணி நேரம் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

செவ்வந்தி (திங்கள், காலை 7.50)

யாரும் சொல்லாத ஒரு பவுச்சைப் பற்றிச் சொல்கிறேன். சேஃப்டி பின் ஒரு கொத்து (பட்டன் அறுந்த டவுசர், ஜிப் போன பாவாடை), பேண்டேஜ், பஞ்சு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, கைக்குட்டைக்குப் பழைய காட்டன் துணி, சோப்புத் துண்டு. கூடவே சானிட்டரி நாப்கின் இரண்டு, ஒரு செய்தித்தாள் பையில் சுற்றி. ஐந்தாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பழகிய டீச்சர் இல்லாத நாளில் அது நடந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்? பெண் ஆசிரியர் யார் போனாலும் இதை வையுங்கள். ஆண் ஆசிரியர்களும் வைக்கலாம், சத்துணவு அக்காவிடம் கொடுத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மாத்திரை மட்டும் எதுவும் கொடுக்காதீர்கள், காய்ச்சலுக்கும்கூட. வீட்டுக்குப் போன் போடுங்கள்.

புதுத்தளிர் (திங்கள், மாலை 6.00)

எல்லோருக்கும் நன்றி. எச்.எம். சாரிடம் பேசிவிட்டேன். பீரோ சாவியைச் சத்துணவு அமைப்பாளரிடம் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். வருகைப் பதிவைப் பயிற்சி இடத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறாராம், நான் எண்ணிக்கையையும் வராதவர் பெயரையும் ஒன்பதரைக்குள் சொன்னால் போதும். மூன்றாம் வகுப்பில் காது சரியாகக் கேட்காத பையன் ஒருவன் இருக்கிறான், முன்னால் உட்கார வைத்து முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றார். கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

கூட்டல்கழித்தல் சார், நேற்று இரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன். 4, 4, 4, 1 எடுத்தால் வருமா என்று ஒரு சந்தேகம். 2997, 7173, 6354, 3087, 8352, அப்புறம் 6174. வந்துவிட்டது!

இரண்டு கேள்வி. பிள்ளைகளுக்கு சாக்லேட் வாங்கிப் போகலாமா? ஐந்து வகுப்பும் ஒரே அறையிலா, இரண்டு அறையிலா?

ஆற்றங்கரை (திங்கள், மாலை 6.35)

ஒரே அறை, அல்லது வராண்டாவும் அறையும். கண் பார்வையில் எல்லோரும் இருக்க வேண்டும். தனி ஆளாக இருக்கிற நாளில் இரண்டு அறையில் பிள்ளைகளைப் பிரித்து வைக்காதீர்கள், யாராவது விழுந்தால் தெரியாது. மரத்தடி இருந்தால் மதியம் அங்கே போகலாம்.

மானாவாரி (திங்கள், மாலை 6.50)

சாக்லேட் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு நாள் வந்தவர் இனிப்பு கொடுத்தால், தினமும் வருகிறவர் ஏன் கொடுப்பதில்லை என்று பிள்ளை நினைக்கும். பரிசாகக் கொடுப்பது அதைவிட மோசம், 34 பேரில் கொஞ்சம் பேருக்கு மட்டும் கிடைக்கும்.

ஜவ்வாது_டீச்சர் (திங்கள், இரவு 7.30)

மானாவாரி சார் சொல்வது சரி. சாப்பாட்டுக்கு அங்கே காலை உணவும் சத்துணவும் இருக்கிறது. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால் எல்லோருக்கும் பொதுவாகப் பள்ளிக்கு ஒரு கதைப் புத்தகத்தை விட்டுவிட்டு வாருங்கள், உள்ளே பெயரெல்லாம் எழுதாமல்.

தற்காலிகம் (திங்கள், இரவு 9.15)

நான் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தவன். இந்த ஏற்பாட்டை 2022இல் கொண்டுவந்தபோது இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்று தொகுப்பூதியம் வைத்தார்கள், பிறகு கூட்டினார்கள். இந்தச் சம்பளத்தில் இருந்துதான் என்னைப் போன்றவர்கள் சார்ட்டும் ஸ்கெட்சும் வாங்குகிறோம். அதனால் இந்த இழையில் காலண்டர் தாள், செய்தித்தாள், புளியங்கொட்டை என்று பேசுவதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது. புதிதாகப் பணிக்கு வருகிறவர்களுக்கு, நல்ல ஆசிரியர் என்றால் லேமினேட் போட்ட அட்டைகளோடு வர வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது.

என் பங்குக்கு ஒன்று: ஒரு பை கூழாங்கல், ஐம்பது இருக்கும். பத்து பத்தாகக் குவிக்கலாம், வட்டம் போட்டு கணம் பிரிக்கலாம், பல்லாங்குழி ஆடலாம், கல்லாங்காய் ஆடலாம். எடை என்று தோன்றினால் கொண்டு போகவே வேண்டாம், காலையில் பிள்ளைகளையே பொறுக்கி வரச் சொல்லுங்கள், ஆளுக்குப் பத்து. எண்ணிக் கொண்டுவருவதே முதல் கணக்கு.

புதுத்தளிர் (திங்கள், இரவு 9.50)

சார், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ள மாட்டார்களா? ஒன்றாம் வகுப்புக்குப் புளியங்கொட்டையும் யோசனையாக இருக்கிறது.

தற்காலிகம் (திங்கள், இரவு 10.05)

சரியான கேள்வி. ஒன்றாம் வகுப்புக்கு ஐஸ் குச்சி கொடுங்கள். இல்லாவிட்டால் தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, நுனி மழுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போங்கள். கட்டைப் பிரித்தால் ஒன்றுகள், கட்டினால் பத்து. கூழாங்கல் மூன்றாம் வகுப்புக்கு மேல் போதும்.

கரும்பலகை (செவ்வாய், மாலை 5.30)

நாளை போகிறீர்கள் என்பதால் கடைசியாக ஒன்று. திரும்பி வருகிற ஆசிரியருக்கு ஒரு தாள் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். இதற்கென்று இரண்டு வெள்ளைத் தாள் பையில் தனியாக இருக்கட்டும். சாயங்காலம் மணி அடித்த பிறகு எழுதினால் பஸ் போய்விடும், மதிய உணவு முடிந்ததும் பாதி எழுதிவிடுங்கள். யார் வரவில்லை, எந்த வகுப்பு எந்தப் பக்கம் வரை வாசித்தது, யார் எங்கே திணறினான், யாருக்கு அடிபட்டது, பீரோவிலிருந்து எதை எடுத்து எங்கே வைத்தீர்கள். நல்லதையும் எழுத வேண்டும். "நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உதவி செய்தாள்" என்று பெயரோடு எழுதினால், மறுநாள் அந்த டீச்சர் அவளைக் கூப்பிட்டுச் சொல்வார். குறை மட்டும் எழுதிய தாள் மறுநாள் காலை பிள்ளைகள் முதுகில்தான் விழும், அதை நினைத்து எழுதுங்கள்.

நோட்டுகளைத் திருத்துவது பற்றிப் பலருக்குப் பல கருத்து. நான் தேதி போட்டு, பார்த்தேன் என்று பென்சிலில் ஒரு டிக் மட்டும் போடுவேன். மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் கிடையாது. அவர்கள் வகுப்புக்கென்று ஒரு முறை இருக்கும்.

மானாவாரி (செவ்வாய், இரவு 7.00)

இதில் முழு உடன்பாடு. கரும்பலகையையும் அழித்துவிட்டு வாருங்கள் டீச்சர், தேதியை மட்டும் மறுநாளுக்கு மாற்றி எழுதிவிட்டு.

புதுத்தளிர் (வியாழன், மாலை 6.20)

போய்விட்டு வந்தேன். 31 பேர் வந்திருந்தார்கள். காலையில் மானாவாரி சார் சொன்னபடி வாசிக்கக் கேட்டேன், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பத்தியாவது. மதியம் வரைக்கும் அதற்கே சரியாக இருந்தது, நடுவில் மற்றவர்கள் செய்தித்தாளோடும் பெயர் அட்டையோடும் இருந்தார்கள். பீரோ திறந்தது, ஆனால் சாக்பீஸ் பெட்டி காலி. பையில் இருந்ததுதான் கை கொடுத்தது. ஓ.ஆர்.எஸ். தேவைப்படவில்லை, சேஃப்டி பின் மூன்று போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு எண் அட்டை. ஐந்தாம் வகுப்பில் ஏழு பேர். முதல் பிள்ளைக்கு 6174 வந்ததும் மற்றவர்கள் நம்பவில்லை, அவனுக்கு மட்டும் ராசியான அட்டை என்றார்கள். அப்புறம் மாற்றி மாற்றி எடுத்து, ஒருத்திக்கு 6184 வந்து நின்றது. நான் பக்கத்தில் போவதற்குள் இன்னொருத்தி மேலிருந்து ஒவ்வொரு கழித்தலாகப் பார்த்துக்கொண்டு வந்து நாலாவது வரியில் விரல் வைத்தாள். கப்ரேகர் எந்த வகுப்புக்கு டீச்சர் என்று கேட்டார்கள், அதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புப் பையன் முன்னால் உட்கார்ந்து 495ஐ இரண்டு முறை பிடித்தான்.

கிளம்பும்போது அட்டைகளை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன், தாளிலும் அதை எழுதி வைத்தேன். சார்ட் பேப்பரில் வெட்டியதுதான், ஒரு மதியத்திலேயே முனையெல்லாம் மடங்கிவிட்டது. இப்போது எனக்கும் என் வகுப்புக்கும் புதிதாக இரண்டு கட்டு செய்ய வேண்டும். எதில் செய்தால் நிலைக்கும்?

கூட்டல்கழித்தல் (வியாழன், இரவு 8.10)

கல்யாணப் பத்திரிகையில் செய்யுங்கள். அட்டை கெட்டியாக இருக்கும், ஒரு பத்திரிகையில் எட்டுப் பத்து தேறும். வழுவழுப்பான பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா காயாமல் ஈஷிக்கொள்ளும், பெர்மனன்ட் மார்க்கரில் எழுதுங்கள். 6க்கும் 9க்கும் அடியில் ஒரு கோடு போட மறக்காதீர்கள், எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரியும். சாமி படமும் மணமக்கள் பெயரும் இருக்கிற பக்கத்தை வெட்டாமல், உறையையும் பின்அட்டையையும் மட்டும் எடுங்கள், சில வீடுகளில் வருத்தப்படுவார்கள். உங்கள் பள்ளி ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தால் ஆளுக்கு நாலு கொண்டுவருவார்கள்.

செவ்வந்தி (வியாழன், இரவு 8.40)

முனைகளைக் கொஞ்சம் வட்டமாகக் கத்தரித்துவிடுங்கள் டீச்சர். மடங்கவும் மடங்காது, சின்னப் பிள்ளைகள் கண்ணிலும் குத்தாது.